விதைநெல்லைக் குற்றி உண்ணலாமா?

குடும்பமொன்றுக்கு முட்டுப்பாடு வந்துற்றபோது குடும்பத் தலைவன் எந்தச் செலவை முதலிற் குறைக்கின்றான் என்பதைக் கொண்டு அவன் மனப்போக்கை ஒருவாறு அறிந்துகொள்ளலாம். வெற்றிலை பாக்கையும் புகையிலையையும் விட்டுவிட்டுப் பிள்ளையின் புத்தகத்துக்குப் பணம் கொடுப்பவனும் உளன். புத்தகச் செலவை நிறுத்திவிட்டுத் திருவிழாச் செலவைக் கடன்பட்டேனும் நடத்துபவனும் உளன். பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குற்றி உண்டவன் அன்று பசியாறினான். அடுத்த காலபோகத்தில் அவன் வயல் தரிசாய்க் கிடந்தது. நாடுகளின் நிலையும் இதனின் வேறன்று.

இவ்வாரம் நாம் வாசகர்களோடு, சிறப்பாக மாணவ வாசகர்களோடு, சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புவது 1930-களில் ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழக மாணவர்கள் பட்ட பாட்டையும் பெற்ற பேற்றையும் ஆகும். செல்வத்தின் உறைவிடம் என்று உலகம் வியந்த அந்நாட்டில், 1929-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930-ஆம் ஆண்டு முதல் 1933-ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ ஒன்பதினாயிரம் வங்கிகள் முறிந்தன. 1933-ஆம் ஆண்டில் தொழிலாளர் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. மகனைப் படிப்பிப்பதற்கென்று தந்தை ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே நாளில் மறைந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பதவியேற்ற ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட், நாட்டின் வங்கிகள் அனைத்தையும் சில நாட்களுக்கு மூடுவித்தார். கையிற் காசோலை வைத்திருந்தவரும் அதனைக் காசாக்க வழியின்றி நின்றனர்.

இத்தகைய காலத்திற் கல்லூரிகள் வெறிச்சோடியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. 1929-30 கல்வியாண்டில் அந்நாட்டின் உயர்கல்வி நிலையங்களிற் பயின்றோர் 11 இலட்சம் பேர். 1931-32-இல் அத்தொகை பதினொன்றரை இலட்சத்தையும் கடந்தது. வறுமை உச்சத்தை அடைந்த 1933-34-இல் அது பத்தரை இலட்சமாக வீழ்ந்தது மெய்யே. ஆயினும் 1935-36-இல் 12 இலட்சமாயிற்று. 1939-40-இல் ஏறத்தாழ 15 இலட்சமாக உயர்ந்தது. இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. நல்ல காலத்திற் படிப்பை விட்டு வேலைக்குப் போகும் இளைஞன் ஒரு சம்பளத்தைப் பெறுகின்றான். வேலையே கிடையாத காலத்திற் படிப்பை விடுவதால் அவனுக்குக் கிடைப்பது யாது? தெருவோரத்திற் குந்தியிருப்பதைக் காட்டினும் நூலகத்தில் இருப்பது மேல் என்று இளைஞர் துணிந்தனர். பட்டம் பெற்றாலும் வேலை நிச்சயமில்லை என்பதை நன்கறிந்தே அவர்கள் கற்றனர் என்பதுதான் நாம் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி.

உழைத்துக் கற்றோர்

கற்க விருப்பமிருந்தாற் போதுமா? வயிறு என்று ஒன்று இருக்கின்றதே! மாணவர் உணவுச்சாலைகளிற் பாத்திரம் கழுவினர். பனிக்காலத்தில் வீட்டு வாசல்களிற் பனியை வாரினர். பிறர் வீட்டுக் கணப்படுப்புக்குக் கரி இட்டனர். அந்த வேலைகளுக்கும் பலத்த போட்டி இருந்தது.

இந்நிலையில் 1933-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரீட்சார்த்த முயற்சி தொடங்கிற்று. வறிய மாணவர்க்கு மத்திய அரசாங்கத்தின் நிவாரண நிதியிலிருந்து பணம் கொடுப்பது. ஆனால் அதனைத் தானமாகக் கொடாது, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு வேலையைச் செய்வித்துக் கூலியாகக் கொடுப்பது. இது நற்பயன் தரவே, 1934-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஒரு கல்லூரியின் மாணவரிற் பத்து வீதத்தினருக்கு இவ்வுதவி கிடைக்கலாம். கூலி சராசரி மாதம் 15 டொலர். 20 டொலருக்கு மேற் செல்லாது. நூலகத்திற் புத்தகம் அடுக்குதல், ஆய்வுகூடத்திற் குடுவை கழுவுதல், அலுவலகத்திற் கடிதம் எழுதுதல் என்பன வேலைகள். 1935-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தேசிய இளைஞர் நிருவாகம் என்னும் தனி அமைப்புத் தோன்றி இப்பணியை ஏற்று 1943 வரை நடத்திற்று. அரசாங்கத்தின் கை கல்லூரிக்குள் நுழைவது ஆகாது என்று அஞ்சிச் செல்வ வளமிக்க சில தனியார் பல்கலைக்கழகங்கள் இப்பணத்தை ஏற்க மறுத்ததும் உண்டு. வறிய மாணவனுக்கோ அத்தகைய தத்துவ விசாரணைக்கு நேரமில்லை.

மாதம் 15 டொலர் என்பது பெருந்தொகையன்று. ஆயினும் படிப்பை விடுவதா தொடர்வதா என்னும் தராசில் எந்தத் தட்டுத் தாழும் என்பதை அத்தொகை தீர்மானித்தது. ஆதர் மில்லர் என்னும் இளைஞரின் தந்தையார் மேலங்கித் தொழில் நடத்திச் செல்வராயிருந்து பெருமந்தத்தில் யாவற்றையும் இழந்தவர். மகன் மோட்டார் உதிரிப்பாகக் களஞ்சியமொன்றில் வேலைசெய்து பணம் சேர்த்து, 1934-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவினார். ஆய்வுகூடத்து எலிகளுக்கு இரை வைத்து மாதம் 15 டொலர் அரசாங்க உதவியும் பெற்றார். 1936-இல் பல்கலைக்கழகம் நடத்திய போட்டியில் அவருடைய முதல் நாடகத்துக்கு 250 டொலர் பரிசு கிடைத்தது. 1949-இல் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ என்னும் நாடகத்தால் உலகப் புகழ் பெற்றவர் அவரே.

இதே காலத்தில் டியூக் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற வறிய மாணவர் ஒருவர், இவ்விளைஞர் திட்டத்தின்கீழ் மணிக்கு 35 சதக் கூலிக்கு வேலை செய்தார். டெக்சாஸ் மாநிலத்தில் அத்திட்டத்தை நடத்தும் பொறுப்பு, 1935-இல் 26 வயதே நிரம்பிய வேறோர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கூலி பெற்றவர் ரிச்சட் நிக்சன். திட்டத்தை நடத்தியவர் லிண்டன் ஜோன்சன். இருவரும் பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதிகளாயினர். தாமும் கல்லூரியிற் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்துக் கற்றவராகிய ஜோன்சன், உயர்கல்விக்குப் பெருந்துணை புரியும் சட்டத்தில் 1965-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கைச்சாத்திட்டபோது, அதனைத் தலைநகரிற் செய்யாது, தாம் பயின்ற பழைய கல்லூரிக்கே சென்று செய்தார்.

அரசாங்கத்தை எதிர்பாராது மாணவர் தாமே கண்ட வழியும் ஒன்றுண்டு. கலிபோர்ணியாவின் பேர்க்ளி நகரில், 1933-ஆம் ஆண்டு, மாணவர் நலம் பேணிய ஹரி கிங்மன் என்பவரின் தூண்டுதலால் பதினான்கு மாணவர்கள் கூட்டுறவு முறையில் விடுதி நடத்த முற்பட்டனர். சமையல், கூட்டுதல், கணக்கெழுதுதல் யாவும் முறைவைத்துத் தாமே செய்தமையால் வாடகையும் உணவுச் செலவும் மிகக் குறைந்தன. அன்று பதினால்வர் தொடங்கிய அச்சங்கம் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்க்கு உறைவிடம் அளித்து வருகின்றது. ஓர் அறைக்குப் பெருந்தொகை வாடகை கொடுத்து, சோற்றுப் பார்சலுக்குத் தனியாகச் செலவிடும் நம் மாணவர் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

கட்டணமில்லாக் கல்லூரி

இவை யாவற்றினும் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது நியூயோர்க் நகரக் கல்லூரியின் கதையே. 1847-ஆம் ஆண்டில் நகர மக்களின் வாக்கெடுப்பினால் நிறுவப்பட்ட கல்லூரி அது. அதற்கு முன்னின்று உழைத்தவர் டவுன்சென்ட் ஹரிஸ் என்பவர். பின்னாளில் யப்பானுக்குச் சென்ற முதலாவது அமெரிக்கக் கொன்சல் அவரே. செல்வர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே வாங்கில் இருத்தல் வேண்டும். உழைப்பும் ஒழுக்கமும் அறிவுமன்றி வேறு வேற்றுமை அங்கே பாராட்டப்படலாகாது என்பது அவர் கொள்கை. மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறப்படவில்லை. நகரத்தின் வரிப்பணமே கல்லூரியை நடத்திற்று.

1907-ஆம் ஆண்டில் அக்கல்லூரி மன்ஹற்றன் தீவின் வடபாலுள்ள குன்றொன்றின்மேற் புதிய கட்டிடங்களுக்குக் குடிபெயர்ந்தது. அக்குன்றிலும் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையிலும் அகழ்ந்தெடுத்த கரும்பாறைக் கற்களையே கொண்டு கோட்டைபோல எழுப்பிய கட்டிடங்கள் அவை. அப்புகையிரதமே மாணவர்க்குத் தேராயிற்று. கட்டணம் ஐந்து சதம். விடுதி வசதி அற்ற கல்லூரியாதலால், மாணவர் நகரின் வறிய பகுதிகளிலிருந்து நாள்தோறும் புகையிரதத்தில் வந்து சென்றனர். நெருக்குண்டு நின்றபடியே ஒருகையாற் புத்தகத்தைப் பிடித்துப் படித்தனர். மதிய உணவு வீட்டிலிருந்து கடதாசிப் பையிற் கட்டிக்கொண்டு வந்த பாண் துண்டுகள்.

இம்மாணவரிற் பெரும்பாலார் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். தந்தையர் தையற் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள். வீட்டில் ஆங்கிலமன்றி வேறு மொழி பேசியவர்கள். பெயர் பெற்ற பல தனியார் பல்கலைக்கழகங்கள் அக்காலத்தில் யூத மாணவர் தொகைக்கு மறைமுகமாக வரம்பு கட்டியிருந்தன. பணம் இருந்தவருக்கும் அங்கே கதவு எளிதிற் திறக்கவில்லை. பணமில்லாதவர் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. ஆகவே நகரின் கூர்த்த மதியுடைய ஏழைப் பிள்ளைகள் யாவரும் அக்குன்றை நோக்கியே ஏறினர்.

1932-ஆம் ஆண்டில், நகரத்தின் நிதி நிலை சீர்குலைந்ததைக் காரணங்காட்டி, மாணவரிடம் கட்டணம் பெறலாம் என்னும் யோசனை எழுந்தது. மாணவர் திரண்டெழுந்து எதிர்த்தனர். யோசனை கைவிடப்பட்டது. பசித்த நகரம் தன் விதைநெல்லிற் கைவைக்காமல் விட்டது.

சிற்றுண்டிச்சாலையில் ஒரு சபை

அக்கல்லூரியிற் சிறந்த ஆசிரியர் இருந்தனர். மெய்யியற் பேராசிரியர் மொரிஸ் ரபாயேல் கோயென் அவர்களுள் முதல்வர். ருசியாவிலிருந்து சிறுவனாக வந்து, அதே கல்லூரியிற் கற்று, 1938 வரை அங்கேயே கற்பித்தவர். வினாவுக்கு மேல் வினாவாக எழுப்பி, மாணவன் உறுதியென்று பற்றியிருந்த கருத்துக்களையெல்லாம் தகர்ப்பதே அவர் முறை. “எங்கள் நம்பிக்கைகளை அழித்துவிட்டீர், அதற்கு ஈடாக எதனைத் தந்தீர்?” என்று முறையிட்டவர்க்கு, கிரேக்கப் புராணத்து வீரன் ஹேர்க்கியூலிஸ் பேரழுக்கு நிறைந்த தொழுவத்தைச் சுத்தம் செய்தானேயன்றி அதனை மீண்டும் நிரப்பவேண்டும் என்று அவனை எவரும் கேட்கவில்லையே என்னும் பொருள்பட அவர் மறுமொழி கூறினாராம்.

ஆயினும் விரிவுரை மண்டபத்திற் கற்றதினும் சிற்றுண்டிச்சாலையிற் கற்றதே மிகுதி என்று அங்குப் பயின்றோர் பலர் பிற்காலத்திற் கூறியுள்ளனர். அச்சாலையின் சுவரோரமாக வளைவு வளைவாகச் சில ஒதுக்கிடங்கள் இருந்தன. ஒவ்வொரு கூட்டத்தினர் ஒவ்வோர் ஒதுக்கிடத்தைத் தமதாக்கிக்கொண்டனர். முதலாம் இலக்க ஒதுக்கிடத்தில் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகள். இரண்டாம் இலக்கத்தில் ஸ்டாலினை ஆதரித்த கம்யூனிஸ்டுகள். ஏனையவற்றில் விளையாட்டு வீரரும் சமயக் குழுவினரும். முதலிரு கூட்டத்தினரிடையே நாள் முழுவதும் வாதப்போர் நிகழும். வகுப்புக்குப் போனவன் மீண்டு வரும்போதும் அதே வாதம் நடந்துகொண்டிருக்கும்! முதலாம் ஒதுக்கிடத்தில் இருந்து வாதிட்ட ஏர்விங் ஹவ், டானியேல் பெல், ஏர்விங் கிறிஸ்டல், நேதன் கிளேசர் ஆகிய நால்வரும் பின்னாளில் அமெரிக்காவின் பெரும் சிந்தனையாளராக மதிக்கப்பட்டனர். அவர்களுள் ஹவ் இறுதிவரை சமதர்மவாதியாகவே இருந்தார். கிறிஸ்டல் வலதுசாரிச் சிந்தனைக்கு வழிகாட்டியானார். ஒரே மேசையிற் பாணைப் பகிர்ந்தவர்கள் வெவ்வேறு திசையிற் சென்றனர். வாதம் கற்பித்தது முடிவுகளையன்று; எண்ணும் முறையையே என்பதற்கு இது சான்றாகும்.

வறுமையும் வேலையின்மையும் இளைஞரை அரசியலுக்கு இழுத்தல் இயல்பு. உலகமோ மீண்டும் ஒரு போரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 1934-ஆம் ஆண்டு ஏப்ரில் 13-ஆம் திகதி, நாட்டின் பல கல்லூரிகளில் ஏறத்தாழ 25,000 மாணவர்கள் போரை எதிர்த்து ஒரு மணிநேரம் வகுப்புக்களைப் பகிஷ்கரித்தனர். மறு ஆண்டு அத்தொகை ஒன்றரை இலட்சத்தைக் கடந்தது. போரில் ஈடுபடோம் என்று அன்று உறுதி பூண்டவரிற் பலர், ஹிட்லரின் கொடுமை முற்றியபோது அதே கையாற் படைக்கலம் ஏந்தினர் என்பதையும் வரலாறு கூறுகின்றது.

குடையும் கோபமும்

மாணவரின் இவ்வெழுச்சியைக் கல்லூரித் தலைவர் பிரெடரிக் ரொபின்சன் சிறிதும் பொறுத்தாரல்லர். அவரும் அக்கல்லூரியிலேயே பயின்றவர்தாம். 1933-ஆம் ஆண்டு மே மாதம், கல்லூரி விளையாட்டரங்கில் நிகழ்ந்த இராணுவப் பயிற்சி அணிவகுப்பை எதிர்த்து மாணவர் ஆர்ப்பாட்டம் செய்தபோது, விருந்தினருடன் வந்த தலைவர் தம் கைக்குடையால் மாணவரை அடித்தார். 1934-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், முசோலினியின் இத்தாலியிலிருந்து வந்த மாணவர் குழுவுக்குக் கல்லூரிப் பெருமண்டபத்தில் வரவேற்பளிக்கப்பட்டது. அங்கே எழுந்த எதிர்ப்புக் குரலைக் கேட்டுச் சினந்த தலைவர், இவர்கள் நடத்தை தெருப்பொறுக்கிகளின் நடத்தையினும் இழிந்தது என்றார். மறுநாட்களில் மாணவர் “நான் ஒரு தெருப்பொறுக்கி” என்று பொறித்த சின்னங்களை மார்பிற் குத்திக்கொண்டு நடந்தனர்! இருபத்தொரு மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர்.

இதனை எழுதும் நாமும் ஆசிரியத் தொழிலில் உள்ளோம். இளைஞரின் ஆரவாரம் சில வேளைகளில் எல்லை கடந்து செல்லும் என்பதை நாம் அறியாதவரல்லேம். விருந்தினரை மதியாத செயலை நாம் போற்றவும் இல்லை. ஆயினும் குடையை ஓங்கிய கணத்திலேயே தலைவர் தம் பதவியின் கௌரவத்தைக் கீழே போட்டுவிட்டார். மாணவனை அடக்க அதிகாரம் போதும்; அவனை இணங்கச் செய்யக் காரணம் வேண்டும். எதிரே நின்ற பிள்ளைகள் காலையில் ஒரு கோப்பைக் கோப்பியோடு வந்தவர்கள். வீட்டில் வேலையிழந்த தந்தையை விட்டு வந்தவர்கள். அவர்கள் கோபத்துக்கு ஊற்று எங்கே என்று தலைவர் ஒருமுறை கேட்டிருப்பாராயின் குடைக்கு வேலை இருந்திராது. 1938-இல் அவர் பதவி துறந்தார்.

விளக்கின் அடியில் இருள்

குன்றின்மேல் இட்ட விளக்குக்கும் அடியில் இருள் உண்டு. அதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அக்கல்லூரியின் கலைப் பிரிவுப் பகல் வகுப்புக்களிற் பெண்களுக்கு 1951 வரை இடமில்லை. நகரத்தின் மற்றொரு கட்டணமில்லாக் கல்லூரியாகிய ஹன்ரர் கல்லூரியே பெண்களுக்கென இருந்தது. குன்றின் அடிவாரத்திற் பரந்து கிடந்தது ஹார்லெம் என்னும் கறுப்பின மக்கள் குடியிருப்பு. பெருமந்தத்தால் அதிகம் தாக்குண்டவர் அவர்களே. ஆயினும் அக்குன்றின்மேற் கறுப்பின மாணவர் மிகச் சிலராகவே காணப்பட்டனர். கட்டணம் இல்லை என்பது மட்டும் கதவு திறந்திருக்கின்றது என்பதாகாது. அக்கதவை அடைவதற்கு நல்ல ஆரம்பப் பள்ளிக்கூடமும் வேண்டும்.

ஆசிரியரும் துன்பத்துக்குத் தப்பவில்லை. 1940 முதல் 1942 வரை மாநிலச் சட்டசபைக் குழுவொன்று கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரணை நடத்திற்று. அதன் விளைவாக அக்கல்லூரியின் ஆசிரியரும் அலுவலருமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 1981-இல், பல்கலைக்கழக ஆளுநர் சபை அவ்வநீதிக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. இரண்டாம் ஒதுக்கிடத்தின் அரசியலில் ஊறிய யூலியஸ் ரோசன்பேர்க் என்னும் மாணவர் 1939-இல் எந்திரவியற் பட்டம் பெற்றவர். உளவுச் சதிக் குற்றத்துக்காக 1953-இல் மின்சார நாற்காலியில் உயிர் துறந்தார். இளமைப் பற்று ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

விளைந்த பயிர்

இனி, விதைநெல்லைக் காத்ததனால் விளைந்தது யாது என்பதைக் காண்போம். தையற்றொழிலாளியின் மகனாகிய யோனஸ் சால்க் சட்டம் பயிலும் எண்ணத்தோடு அங்கே புகுந்து, மனம் மாறி மருத்துவத்துக்கான பாடங்களைக் கற்று, 1934-இல் வெளியேறினார். இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராக அவர் கண்ட தடுப்பு மருந்து 1955-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. மக்கள் வரிப்பணத்திற் கற்றவர் மக்களுக்கே அதனைத் திருப்பிக் கொடுத்தார் என்று நாம் கொள்ளலாம்.

யூலியஸ் அக்செல்றொட் 1933-இல் பட்டம் பெற்றவர். மருத்துவக் கல்லூரிகள் அவரை ஏற்கவில்லை. மாதம் 25 டொலருக்கு ஆய்வுகூட உதவியாளராய்ச் சேர்ந்தார். கலாநிதிப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. 1970-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. கெனத் அரோவின் தந்தையார் பெருமந்தத்தில் உள்ளதெல்லாம் இழந்தவர். மகனுக்கு உயர்பாடசாலைக் கணித ஆசிரியராக வேண்டும் என்பதே ஆசை. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் பரீட்சையில் தேறியோரே இன்னும் வேலைக்குக் காத்திருந்தமையால் புதியவர்க்கு இடமிருக்கவில்லை. வேறு வழியின்றி 1940-இல் மேற்படிப்புக்குச் சென்ற அவர், 1972-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். தையல் இயந்திரம் மிதித்துப் பின் சிறு இரும்புக்கடை வைத்தவரின் மகன் ஆதர் கோண்பேர்க், 1937-இல் அங்குப் பட்டம் பெற்று, 1959-இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1937-இல் பட்டம் பெற்ற யெரோம் கார்ல், ஹேர்பட் ஹௌப்ட்மன் ஆகிய இருவரும் 1985-இல் இரசாயனவியலுக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1935-இல் வெளியேறிய றொபேட் ஹொப்ஸ்ரற்றருக்கு 1961-இல் பௌதிகவியற் பரிசு. பெருமந்த காலத்திற் கட்டணமின்றிக் கற்பித்த ஒரு கல்லூரியிலிருந்து நோபல் பரிசாளர் அறுவர்! இவர்கள் பரிசு பெறாத ஆயிரக்கணக்கான சக மாணவரோ பள்ளி ஆசிரியராகவும் மருத்துவராகவும் எந்திரவியலாளராகவும் கணக்காளராகவும் வாழ்ந்து தத்தம் குடும்பத்தை வறுமையினின்று கரையேற்றினர். எம் கணக்கில் அதுவே பெரிய பரிசு.

பின்னர் நிகழ்ந்ததும் நமது கடனும்

கதை இத்துடன் முடியவில்லை. 1969-இல் கறுப்பின மாணவரும் புவேர்ட்டோ ரிக்கோ மாணவரும் போராடியதன் பயனாக, 1970-இல் நகரின் உயர்பாடசாலைகளிற் தேறிய யாவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தின் கதவுகள் திறக்கப்பட்டன. 1975-இல் நியூயோர்க் நகரம் கடனில் மூழ்கிற்று. 1976-இல், 129 ஆண்டுகளாக நின்று நிலவிய இலவசக் கல்வி கைவிடப்பட்டுக் கட்டணம் விதிக்கப்பட்டது. தன் வரலாற்றின் கொடிய பஞ்சத்திலும் காத்த ஒன்றை, அதனினும் சிறிய முட்டுப்பாட்டில் அந்நகரம் விட்டுக்கொடுத்தது. அடிவாரத்து மக்கள் ஏறிவந்து ஆறு ஆண்டுகள் கழிந்தவுடனே ஏணி எடுக்கப்பட்டது என்று பலர் மனம் வெதும்பிச் சுட்டிக்காட்டினர்.

இதனை நாம் இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. நமது நாட்டில் 1945-ஆம் ஆண்டு முதல், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால், ஆரம்ப வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நிலவி வருகின்றது. பல குடும்பங்களில் முதற் பட்டதாரி தோன்றியது அதனாலேயே. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், அச்சிடக் கடதாசி இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை நாம் கண்டோம். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற தந்தையரையும், மின்வெட்டில் மெழுகுதிரி ஏற்றிப் படித்த பிள்ளைகளையும் கண்டோம். அத்தகைய காலங்களில் “கல்விக்கு இவ்வளவு செலவு வேண்டுமா?” என்னும் வினா மெல்லத் தலைகாட்டும். அவ்வினாவை எழுப்புவோர்க்கு நாம் காட்டும் விடை அக்குன்றின்மேல் இருக்கின்றது.

மாணவர்க்கும் ஒரு வார்த்தை. இலவசம் என்பது விலையில்லாதது என்று பொருள்படாது. வேறொருவர் விலை கொடுத்துவிட்டார் என்பதே பொருள். தேயிலை கொய்பவளும் வலை வீசுபவனும் கடையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும்போது செலுத்தும் வரியிலேயே உங்கள் விரிவுரை மண்டபத்து மின்விளக்கு எரிகின்றது. ஆகவே வாதிடுங்கள், வினாவெழுப்புங்கள், அநீதியைக் கண்டவிடத்து அஞ்சாது எதிர்த்து நில்லுங்கள். ஆனால் புகையிரதத்தில் நின்றபடி படித்த அப்பிள்ளைகள் வாதம் முடிந்தவுடன் நூலகத்துக்கும் சென்றனர் என்பதை மறவாதிருங்கள்.

பெற்றோருக்கு நாம் சொல்ல வேண்டுவது அதிகமில்லை. வேலை கிடைக்குமா என்று அஞ்சிப் பிள்ளையின் படிப்பை இடைநிறுத்த எண்ணும் வேளையில், ஆசிரியர் வேலைகூடக் கிடையாது மேற்படிப்புக்குப் போன அரோவை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சம் வரும், போகும். வயலை உழுவதற்கு மழை வரும் நாளும் வரும். அந்நாளில் கையில் விதைநெல் இருந்தாக வேண்டும்.